விலாவில் வந்த அக்கி

வீட்டில் நான் சேர்ட் போடுவதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடி பிளாட்டில், வருடம் முழுக்கப் புழுக்கத்தில் இருந்துகொண்டு சேர்ட் போடுகிற மனிதனை எனக்கு விளங்குவதே இல்லை. கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் முக்கால் ஆயுளைக் கழுத்துப்பட்டியோடு கழித்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று கழுத்துப்பட்டியோடு சேர்ட்டையும் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். இடுப்பில் சாரம் ஒன்று, தோளில் துவாய் ஒன்று. யாராவது வந்து மணியடித்தால் துவாயை விரித்துப் போர்த்திக்கொள்வேன். மனைவிக்கு இது வெட்கக்கேடு. மருமகன் வருகிற வீட்டில் இப்படியா இருக்கிறது என்று முணுமுணுப்பாள். மருமகனும் தன் வீட்டில் இப்படித்தான் இருப்பான் என்பேன் நான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வந்த வில்லங்கம் முழுக்க இந்த வெறும் மேலைச் சுற்றித்தான் வந்தது.

மகள் அப்போது தலைப்பிரசவத்துக்காக எங்களிடம் வந்திருந்தாள். ஏழாம் மாதம். கல்கிசையில் இருக்கிறவள், பத்து நிமிடத் தூரம்தான். ஆனாலும் முதற்பிள்ளை தாய் வீட்டில்தான் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். கட்டிலை இடம் மாற்றி, திரைச்சீலை தைத்து, பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக்கு மல்லி மிளகு எல்லாம் தெரிந்தெடுத்து வறுத்து, பிறக்காத பிள்ளைக்கு வீடே தயாராக இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம், பெரிய புளுகம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் வலப்பக்க விலாவில் எரிவு தொடங்கியது. தோலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் மிளகாய்த் தூள் பூசியது போல் எரிந்தது. முதல் நாள்தான் காஸ் சிலிண்டரை வாசலிலிருந்து குசினிக்கு இழுத்து வைத்திருந்தேன். தசை பிடித்திருக்கும் என்று எண்ணெய் தேய்த்தேன். இன்னும் கூடியது. அடுத்த நாள் தோல் சிவந்து தடித்தது. மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மயிர்க்கொட்டிப் புழு பட்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். பின்வளவு முருங்கை எங்கள் பல்கணியை எட்டிப் பார்க்கிற மரம். நான் போர்த்துகிற துவாய் அந்தப் பல்கணிக் கொடியில்தான் காய்கிறது. சேர்ட் போட்டிருந்தால் மயிர்க்கொட்டி பட்டிருக்குமா என்று அவள் கேட்டாள். நான் துவாயை எடுத்து உதறிப் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாக எழும்பின. முதுகுப் பக்கம் எனக்கு எட்டவில்லை. மகள்தான் கலமைன் போத்தலைக் கொண்டுவந்து, என்னைக் கதிரையில் திருப்பி இருத்தி, அந்த ரோசாநிறத் தண்ணீரைப் பூசிவிட்டாள். பஞ்சு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பஞ்சை எறிந்துவிட்டு விரலாலேயே பூசினாள். குளிர்ச்சியாக இருந்தது. காலையும் மாலையும் பூசச் சொன்னேன். மகளின் கை பட்டால் எந்த நோவும் பாதியாகும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

எரிவு குறையாமல் போகவே ஒழுங்கை முனையிலுள்ள டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே இருப்பவர் இளம் வயது முஸ்லிம் பெண் டொக்டர். எல்லோரையும் அங்கிள், ஆன்ட்டி என்பார். சேர்ட்டை உயர்த்தச் சொன்னார். நான் மயிர்க்கொட்டியின் வரலாற்றை ஆரம்பிக்க முன்னரே அவர் பார்த்து முடித்துவிட்டார். கொப்புளங்கள் முதுகெலும்பில் தொடங்கி விலாவைச் சுற்றி முன்னுக்கு வந்து, நெஞ்சின் நடுவில் கோடு போட்டாற்போல் நின்றிருந்தன. இடப்பக்கத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மயிர்க்கொட்டிக்கு இவ்வளவு ஒழுங்கு தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். அக்கி என்றார்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். சின்ன வயதில் எனக்கு வந்த கொப்பளிப்பான், அதாவது வீடுகளில் அம்மாள் என்கிற சின்னம்மை, தோலை விட்டுத்தான் போனதே தவிர, உடம்பை விட்டுப் போகவில்லை. அந்தக் கிருமி முதுகெலும்புக்குப் பக்கத்திலுள்ள நரம்பு வேரில் போய்ப் படுத்துவிட்டது. வயது போய், உடம்பு தளர, விழித்துக்கொண்டு அந்த நரம்பு போகிற வழியாகவே தோலுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் ஒரு பக்கம், அதனால்தான் பட்டி போல. இத்தனை வருடம் எனக்குள் சத்தம் போடாமல் குடியிருந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். கொஞ்சம் மரியாதையும் வந்தது.

பிறகு அவர் வீட்டில் யார் யார் என்று கேட்டார். மகளைப் பற்றிச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டார். கொப்புளத் தண்ணீர் பட்டால், முந்தி கொப்பளிப்பான் வராதவர்களுக்கு அது கொப்பளிப்பானாகவே தொற்றும் என்றார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு அது சுவாசப்பை வரைக்கும் போகக் கூடியது. பேறு நெருங்கி வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து. மகளுக்கு முன்பு வந்திருக்கிறதா என்று கேட்டார்.

வந்தது என்று தயங்காமல் சொன்னேன். மகனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அப்படியென்றால் பயமில்லை, ஆனாலும் தாயிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்துங்கள் என்று சொல்லி, மாத்திரை எழுதித் தந்து, காயும் வரை மேலை மூடியே வைத்திருக்கச் சொன்னார். அதாவது சேர்ட்.

மனைவியிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் வேப்பிலைக்கு மேல் கிடத்திப் பார்த்தவள் தான் என்றாள். வீட்டில் தாளிக்கவில்லை, மீன் மச்சம் சமைக்கவில்லை, மூன்று தரமும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை இருவருக்கும் சேர்த்தே வார்த்தாள், கொட்டாஞ்சேனைக் கோயிலில் இருவர் பெயரிலும் உப்பும் மிளகும் போட்டு நேர்த்தியைத் தீர்த்தாள். இவ்வளவு செய்தவளிடம் வந்ததா என்று கேட்பது எனக்கே அபத்தமாகப்பட்டது. மகளைக் கேட்டோம். அவளுக்கு அப்போது நாலு வயதிருக்கும். தனக்கும் ஞாபகம் இருக்கிறது, கை கால் எல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்தது என்றாள். நான் அந்த நாட்களில் கந்தோர் வேலையாக மாலைதீவில் இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, பிள்ளைகள் இருவரும் பளபளவென்று குளித்து நின்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மனைவி சொன்னதுதான். அதைத்தான் டொக்டரிடம் கண்ணால் கண்டவன் போலச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அன்று பின்னேரம் கனடாவிலிருந்து மகன் அழைத்தான். தகப்பனின் விலாவைப் பார்க்க வேண்டுமாம். போனைத் திருப்பிக் காட்டினேன். அவன் பாவம் பார்த்துவிட்டு, தனக்கும் இப்படி ஒருநாள் வருமா என்று கேட்டான். உனக்கும் தங்கச்சிக்கும் வரலாம், இரண்டு பேருக்கும்தானே அம்மாள் வந்தது என்று மனைவி பக்கத்திலிருந்து சொன்னாள்.

"அம்மா, அவளுக்கு வரேல்லை," என்றான் மகன். "எனக்கு மட்டும்தான் வந்தது. தனக்கு வரேல்லையெண்டு அவள் அழுது குழப்படி பண்ண, நீங்கள்தானே மஞ்சளைக் குழைச்சு அவளுக்குப் பொட்டுப் பொட்டா வைச்சனீங்கள்."

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் மறக்காது. அதுவும், தனக்கு மட்டும் கிடைக்க வேண்டிய இளநீரும் முந்திரிகைப் பழமும் தங்கைக்கும் பங்கு போனது மறக்கவே மறக்காது.

மகள் தன் விரல்களைப் பார்த்தாள். நகத்தோரத்தில் கலமைன் இன்னும் வெளிறிய ரோசாநிறத்தில் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அக்கியின் எரிவை அந்த நேரத்தில் நான் உணரவே இல்லை.

மனைவி குசினிக்குள் போய் நின்றாள். பின்னால் போனேன். அவள் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் அம்மாள் வந்தால் அதன் பெயரைச் சொல்வதில்லை, உடம்பை உற்றுப் பார்ப்பதில்லை, எங்கே எத்தனை என்று கதைப்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருப்பார்கள். தண்ணீர் வார்த்ததும் வேப்பிலையைத் தூக்கிப் போட்டதும் ஞாபகத்தில் நிற்கும். யாருடைய தோலில் என்ன இருந்தது என்பது நிற்காது. இத்தனை வருடத்தில் அவள் வைத்த மஞ்சள் பொட்டுகள் அவளுடைய நினைவிலேயே கொப்புளங்களாகிவிட்டன. மகளுடைய நினைவிலும்தான்.

"ஒரு வீட்டுக்கு அம்மாள் வந்தா எல்லாப் பிள்ளையளும் அவவின்ர பிள்ளையள்தான்," என்றாள். "ஒண்டுக்குத் தண்ணி வாத்து மற்றதுக்கு வாக்காம விடேலுமே?"

முடியாதுதான் என்றேன்.

மறுநாள் காலை மகளை அழைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாள் மனைவி. இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது அவளுடைய இரத்தத்தில் கொப்பளிப்பானைக் கண்ட அடையாளமே இல்லை என்றிருந்தது. பிள்ளைப்பேற்று டொக்டரும் இந்த டொக்டரும் போனில் கதைத்து, எனக்குத் தந்த அதே மாத்திரையை அவளுக்கும் எழுதினார்கள். மூன்று கிழமைக்கு மேலாகத் தோலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொப்புளம் ஒன்று கண்டாலும், காய்ச்சல் வந்தாலும், மூச்சு முட்டினாலும் உடனே ஓடி வர வேண்டும். தொற்றியிருக்கலாம், தொற்றாமலும் இருக்கலாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

நான் கொட்டாஞ்சேனைக்கு அக்காவிடம் போகிறேன் என்று பையில் இரண்டு சாரத்தைப் போட்டேன். அம்மாள் வந்த ஆளை வீட்டை விட்டு அனுப்புகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று மனைவி தடுத்தாள். அவளைப் பொறுத்தவரை என் விலாவில் இருப்பதும் அம்மாள்தான். விஞ்ஞானமும் அவள் பக்கமே நின்றது. ஆனால் மகளின் வயிற்றைப் பார்த்தபோது என்னால் அந்த வீட்டில் மூச்சு விடவும் முடியவில்லை. த்ரீவீலில் ஏறிவிட்டேன். வழி முழுக்கச் சேர்ட் விலாவில் உரசி உயிரை எடுத்தது.

அக்கா தனியாள். துறைமுகத்துக்குக் கிட்ட, ஒடுங்கிய பழைய வீடு. அவவுக்குக் கொப்பளிப்பான் வந்ததா என்று யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. மூக்கின் நுனியில் ஒரு குழி, சின்ன வயதிலிருந்து இருக்கிறது. எனக்கு இடது புருவத்தின் ஓரத்தில் ஒன்று. எங்கள் தலைமுறைக்குச் சாட்சி முகத்திலேயே இருந்தது. மகளுடைய முகத்தில் அப்படி ஒரு குழி இல்லை என்பது இத்தனை நாளும் எங்களுக்குப் பெருமை. வேப்பிலைத் தண்ணீரின் மகிமை என்று மனைவி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

அக்கா என் விலாவைப் பார்த்துவிட்டு, இரண்டு முனையும் வந்து சந்தித்தால் ஆளே தப்பாது என்பார்கள் என்று பயங்காட்டினா. அது சந்திக்காது, ஒரு நரம்பின் எல்லை அவ்வளவுதான் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவ நம்பவில்லை. தினமும் காலையில் வந்து, இடப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் ஊற்றினா.

என் காலை வேறு விதமாகத் தொடங்கியது. எழும்பியதும் போனைப் பார்ப்பேன். மகள் படம் அனுப்பியிருப்பாள். கை, கழுத்து, கணுக்கால். சிவப்பாக ஏதாவது ஒன்று. கீழே, இது என்ன அப்பா என்று ஒரு வரி. வெள்ளவத்தையில் நுளம்புக்குப் பஞ்சமா? நான் கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் பார்ப்பேன். பார்த்துப் பார்த்துத் தோல் வாசிக்கப் பழகினேன். நுளம்புக் கடிக்கு நடுவில் ஒரு ஊசிப் புள்ளி இருக்கும். வேர்க்குரு கூட்டமாக வரும், எல்லாம் ஒரே வயது. கொப்பளிப்பான் அப்படியல்ல, சிவப்புக்கு மேல் தண்ணீர்த் துளி வைத்தது போலிருக்கும், பக்கத்திலேயே புதிதாக எழும்பியதும் காயத் தொடங்கியதும் ஒன்றாக நிற்கும். என் விலாவே எனக்குப் பாடப்புத்தகம். படத்தையும் விலாவையும் மாறிமாறிப் பார்த்து, நுளம்பு என்று பதில் எழுதுவேன். அவள் ஒரு சிரிப்புப் படம் அனுப்புவாள். அதற்குப் பிறகுதான் பல் தீட்டப் போவேன்.

சந்தேகமான படங்களை டொக்டருக்கும் அனுப்பினோம். ஒருநாள் வந்த படம் வயிற்றினுடையது. இறுகிய தோலில், தொப்புளுக்குக் கீழே, நாலைந்து சிவந்த தடிப்பு. ஒன்று மினுங்கியது போலவும் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளே அழைத்தாள்.

"அப்பா, பயப்பிடாமச் சொல்லுங்கோ. இது அதுவோ?"

"தெரியேல்லைப் பிள்ளை," என்றேன். "உடன டொக்டரிட்டப் போ."

அவர்கள் போய் வரும் வரை அக்கா வீட்டு முன்கதவடியிலேயே நின்றேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் கூவியது. வாழ்நாள் முழுக்கக் கப்பல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவனுக்கு இந்த ஒன்றைச் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்னும் எது வந்தாலும் வரட்டும், அவளுக்கு மட்டும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால், இவ்வளவு நாளும் மனைவியிடம் நையாண்டி பண்ணிய அந்த அம்மாளிடம்தான்.

மருமகன் அழைத்தான். வயிறு பெருத்துத் தோல் இழுபடுகிறபோது சிலருக்கு வருகிற தோல் அரிப்பாம். பூச ஒரு கிறீம் கொடுத்திருக்கிறார்களாம். ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன். அக்கா உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினா. அன்று அது இரண்டாவது தேத்தண்ணீர்.

நாட்கள் போயின. என் கொப்புளங்கள் காய்ந்து, பொருக்காகி, உதிர்ந்தன. இனித் தொற்றாது என்று டொக்டர் சொன்ன பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மகளுடைய நாள் கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தேன். அது முடிந்தது. அவளுடைய தோலில் நுளம்புக் கடியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். மாத்திரையாக இருக்கலாம், அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்றார் டொக்டர். மனைவியிடம் வேறு பதில் இருந்தது. அவள் ஏற்கனவே பாமன்கடைப் பக்கத்தில் யார் வீட்டு மரத்திலோ வேப்பிலை பறித்துவந்து கதவில் செருகியிருந்தாள்.

வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து நான் வீட்டில் சேர்ட் போட்டேன். கழுத்துப் பொத்தான் வரை பூட்டி. மனைவிக்கு முதலில் சந்தோஷம், பிறகு யோசனை. அக்கி போனாலும் அதன் நோவு போகவில்லை. விலாவில் துணி பட்டாலே சுள்ளென்று குத்தும். இது சில பேருக்கு மாதக் கணக்கில் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். கழற்றிவிட்டு இருங்கோவன் என்று அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. பயம் காய்ந்து உதிர்கிற சாமான் இல்லை.

பிள்ளை பிறந்தாள். பெண். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகும், துணியில் சுற்றித் தந்தால் மட்டும், கைகளை நீட்டி, மேலில் படாமல் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே கொடுத்துவிடுவேன். எனக்குக் குழந்தை தூக்கத் தெரியாது என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். இரண்டு பிள்ளைகளை நெஞ்சில் போட்டு வளர்த்தவன் நான்.

ஒரு மத்தியானம் பிள்ளை ஓயாமல் அழுதது. மனைவி குசினியில் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். மகள் தூக்கி நடந்து பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள், ஒன்றும் சரிவரவில்லை. பல்கணிக் கதிரையில் இருந்த என்னிடம் வந்தாள். நான் கைகளை நீட்டினேன். அவள் தரவில்லை.

"சேர்ட்டைக் கழட்டுங்கோ அப்பா," என்றாள்.

வேண்டாம் என்றேன். இனித் தொற்றாது என்று டொக்டர் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ என்று கேட்டாள். விளங்கியது என்றேன். பிறகென்ன என்றாள்.

பிள்ளையை ஒரு கையில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் என் பொத்தான்களை அவளே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கலமைன் பூசிய அதே கை. விலாவில் கறுத்துக் கிடந்த தழும்புகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பிள்ளையின் துணியை விலக்கி, வெறும் மேலோடு என் நெஞ்சில் கிடத்தினாள். வலப்பக்கமாக. அந்தச் சின்னக் கால் தழும்பில் பட்டு உதைத்தது.

நன்றாக நொந்தது. பிள்ளையின் அழுகை மெல்ல மெல்ல அடங்கியது. நான் அசையவில்லை.